நான்கு போல்ட்டுகளும் எழுதப்படாத ஒரு பதிவும்: அலாஸ்கா 1282 நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரி 5 மாலை, அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இருந்து கலிபோர்னியாவின் ஒன்டாரியோவுக்குப் புறப்பட்ட அலாஸ்கா ஏர்லைன்ஸின் 1282ஆம் எண் போயிங் 737-9 மாக்ஸ் விமானத்தின் இடப்பக்கத்தில், ஒரு கதவின் அளவுக்குச் சுவர் பிய்ந்து வெளியே போனது. உள்ளே 171 பயணிகளும் 6 பணியாளர்களும் இருந்தார்கள். யாரும் இறக்கவில்லை. அதனாலேயே இந்த நிகழ்வை ஆராய்வது எளிது. விமானம் முழுதாகத் திரும்பி வந்தது, கதவும் கிடைத்தது, சாட்சிகள் பேச முடிந்தது. தொழிற்சாலையில் நடந்த ஒரு சிறு தவறு வானத்துக்குப் போய்ச் சேர்ந்த வழியை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்வுகள் குறைவு. தரக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களும் ஷிப்ட் பொறுப்பாளர்களும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று விரும்பி எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட தனிமனிதர்களின் பெயர்கள் இங்கே இல்லை.

பின்னணி

போயிங் 1916இல் சியாட்டிலில் தொடங்கப்பட்ட நிறுவனம். பயணிகள் விமானம், போர் விமானம், ஏவுகணை, செயற்கைக்கோள் என எல்லாம் செய்கிறது. 1997இல் மெக்டானல் டக்ளஸ் நிறுவனத்தைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 2001இல் தலைமையகத்தைச் சியாட்டிலில் இருந்து சிகாகோவுக்கும், 2022இல் அங்கிருந்து வர்ஜீனியாவின் ஆர்லிங்டனுக்கும் மாற்றியது. விமானம் பூட்டப்படும் இடத்தில் இருந்து முடிவெடுப்பவர்கள் விலகிப் போனதையே நிறுவனத்தின் பழைய பொறியாளர்கள் பலர் முதல் குறையாகச் சொல்லி வந்தார்கள்.

இந்த நிகழ்வுக்கு நேரடியாகத் தொடர்புடையது 2005இல் எடுக்கப்பட்ட முடிவு. கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் 737 விமானங்களின் உடற்பகுதியைச் செய்துவந்த தன் ஆலையைப் போயிங் விற்றது. அது ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற தனி நிறுவனமானது. அதன்பின் உடற்பகுதி விச்சிட்டாவில் உருவாகி, ரயிலில் ஏறி, வாஷிங்டன் மாநிலத்தின் ரெண்டனில் உள்ள போயிங் ஆலைக்கு வந்து சேரும். வரும் உடலில் குறை இருந்தால் அதைச் சரிசெய்ய ஸ்பிரிட்டின் ஆட்களே ரெண்டனில் தங்கி வேலை செய்வார்கள். ஒரே விமானத்தின்மேல் இரண்டு நிறுவனங்களின் கைகள் பட்டன.

2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் லயன் ஏர் 610, 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 302 என இரண்டு மாக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். அவை தொடர்பான குற்ற வழக்கை ஒத்திவைக்க 2021 ஜனவரி 7 அன்று அமெரிக்க நீதித்துறையுடன் போயிங் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் காலம் மூன்று ஆண்டுகள். கதவு பிய்ந்தபோது அது முடிய இரண்டு நாட்களே இருந்தன.

அடைப்புக் கதவு

737-9இன் உடலில், இறக்கைக்குப் பின்னால் இருபுறமும் ஒவ்வோர் அவசர வழி வெட்டப்பட்டிருக்கும். மிக நெருக்கமாக இருக்கை போடும் விமான நிறுவனங்களுக்கு அது சட்டப்படி தேவை. 178 இருக்கைகளோடு பறக்கும் அலாஸ்கா ஏர்லைன்ஸுக்கு அந்த வழி தேவையில்லை. எனவே அந்தத் திறப்பில் உண்மையான கதவுக்குப் பதிலாக ஓர் அடைப்பைப் பொருத்துவார்கள். அகலம் 29 அங்குலம், உயரம் 59 அங்குலம், எடை 28 கிலோவுக்குச் சற்று அதிகம். உள்ளே இருப்பவருக்கு அது சாதாரணச் சன்னலோரச் சுவராகவே தெரியும்.

அது நிற்கும் விதத்தைப் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். அடைப்பின் ஓரங்களில் 12 தடுப்புகள், கதவு நிலையில் அவற்றுக்கு எதிராக 12 தாங்கிகள். விமானத்துக்குள் காற்றழுத்தம் கூடும்போது அடைப்பு வெளிநோக்கித் தள்ளப்பட்டு, அந்தத் தடுப்புகள் தாங்கிகளில் அழுந்தி நிற்கும். அதாவது முழு அழுத்தத்தையும் தாங்குபவை இந்தப் பன்னிரண்டும்தான். போல்ட்டுகளின் வேலை வேறு. அடைப்பு மேல்நோக்கி நகர்ந்தால் தடுப்புகள் தாங்கிகளைவிட்டு விலகிவிடும். அப்படி நகராமல் பிடித்து வைப்பவை நான்கு போல்ட்டுகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழ்க் கீல்களில் அடைப்பை உயர்த்த உதவும் சுருள்வில்களும் உண்டு. நான்கு போல்ட்டுகளையும் எடுத்தால், சிறிது உயர்த்தி, வெளிப்பக்கமாகச் சாய்த்துத் திறக்கலாம்.

போல்ட் இல்லாமலும் அடைப்பு மூடியே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. இந்த வடிவமைப்பின் மிகப் பெரிய பலவீனம் இதுவே.

ரெண்டன், 2023 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 19 வரை

இந்த அடைப்பு ஸ்பிரிட்டின் மலேசிய ஆலையில் செய்யப்பட்டது. விச்சிட்டாவில் உடற்பகுதியில் பொருத்தப்பட்டு, ஆகஸ்ட் 31 அன்று ரெண்டனுக்கு வந்தது. மறுநாளே ஒரு குறை பதிவானது. இடப்பக்க அடைப்புக்கு முன்னால் உள்ள சட்டத்தில் ஐந்து ரிவெட்டுகள் (உலோகப் பாகங்களை இணைக்கும் ஆணிகள்) சேதம். அவற்றை மாற்றும் பொறுப்பு ஸ்பிரிட்டின் ஆட்களுக்கு.

வேலை உடனே முடியவில்லை. நாட்கள் போயின. விமானமோ வரிசையில் அடுத்தடுத்த நிலைகளுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு நிலையில் முடிக்க வேண்டிய வேலையை முடிக்காமலேயே விமானத்தை அடுத்த நிலைக்குத் தள்ளுவது அந்த ஆலையில் பழகிப்போன நடைமுறை. தள்ளிப்போன வேலை பின்னால் செய்யப்படும்போது அதற்கான ஆட்கள், கருவிகள், வழக்கமான வரிசை எதுவும் அங்கே இருப்பதில்லை. என் கணிப்பில் போல்ட்டுகள் காணாமல் போனதற்கான விதை செப்டம்பர் 19 அன்று விழவில்லை. குறை தெரிந்த பிறகும் விமானத்தை நகர்த்தலாம் என்ற முடிவிலேயே விழுந்துவிட்டது.

செப்டம்பர் 18 அன்று ஒன்று தெளிவானது. ரிவெட்டுகளை எட்ட வேண்டுமானால் அடைப்பைத் திறக்க வேண்டும். இங்கே ஆலையின் எழுத்து முறையைச் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு பதிவு முறைகள் இருந்தன. ஒன்று அதிகாரபூர்வமானது. பொருத்தப்பட்ட எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் அதில் ‘கழற்றல் பதிவு’ திறக்க வேண்டும். அது திறந்திருக்கும்வரை வேலை முடிந்ததாகாது. திரும்பப் பொருத்தியபின் ஒரு தர ஆய்வாளர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். மற்றொன்று, குழுக்கள் தங்களுக்குள் வேலை நிலவரத்தைப் பேசிக்கொள்ளும் செய்தித் தளம். அடைப்பைப் பற்றிய பேச்சு இந்த இரண்டாவதில் நடந்தது. முதலாவதில் ஒரு வரியும் ஏறவில்லை.

தொழிற்சாலை நடைமுறைகளை அறிந்த ஒருவர் நிகழ்வுக்குப் பின் பெயர் வெளியிடாமல் கொடுத்த விளக்கம் ஒன்று உண்டு. அடைப்பு ‘திறக்கப்படுகிறது’, ‘கழற்றப்படவில்லை’ என்று கருதியதால் கழற்றல் பதிவு வேண்டாம் என்று முடிவெடுக்கப்பட்டது என்பது அவர் கூற்று. இது எவ்வளவு இயல்பாக நிகழக்கூடியது என்பதை ஆலையில் வேலை பார்த்த எவரும் உணர்வார்கள். கதவைத் திறந்தோம், அவ்வளவுதானே? ஆனால் இந்தக் கதவைத் திறக்க நான்கு போல்ட்டுகளைக் கழற்றியாக வேண்டும். பெயரில் கதவாக இருந்த ஒன்றை எல்லோரும் கதவாகவே நினைத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கதவு வேலைக்கென்று 24 பேர் கொண்ட குழு இருந்தது. அதில் இத்தகைய அடைப்பை முன்பு திறந்த அனுபவம் உள்ளவர் ஒரே ஒருவர். அந்த நாட்களில் அவர் விடுப்பில் இருந்தார். விடுப்பு எடுத்தது அவர் குற்றமல்ல. ஒருவர் விடுப்பில் போனால் ஒரு திறமையே ஆலையைவிட்டுப் போய்விடும் நிலையை உருவாக்கி வைத்திருந்தது யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

19ஆம் தேதி ரிவெட்டுகள் சரியாக மாற்றப்பட்டன, முறைப்படி பதிவும் ஆயின. அன்று இரண்டாவது ஷிப்ட்டின்போது, உட்புறச் சுவரை மீண்டும் பொருத்துவது குறித்துப் போயிங் ஊழியர்கள் செய்தி பரிமாறிக்கொண்டபோது ஒரு புகைப்படத்தை இணைத்தார்கள். அதில் அடைப்பு மூடியிருக்கிறது. போல்ட் இருக்க வேண்டிய நான்கு இடங்களில் மூன்று படத்தில் தெரிகின்றன. மூன்றும் காலி. நான்காவதை வெப்பக் காப்புத் துணி மறைத்திருந்தது. படத்தை எடுத்தவர்கள் எதையும் மறைக்க எடுக்கவில்லை. அவர்கள் பார்த்தது சுவர் வேலையை. போல்ட்டுகள் அவர்களுடைய வேலைப் பட்டியலில் இல்லை.

மூடியது யார்? விமானத்தை வெளியே கொண்டுபோகத் தயார் செய்யும் நகர்த்தல் குழு மூடியது என்று நிறுவனத்தின் தர அதிகாரி பின்னர் விளக்கினார். திறந்து கிடப்பதை மூடுவது அவர்கள் வேலை. போல்ட் பூட்டுவது அவர்கள் வேலை அல்ல. கழற்றியதற்குப் பதிவு இருக்கும், உரியவர்கள் அதைப் பார்த்துப் பூட்டுவார்கள் என்று நம்பினார்கள். பதிவோ இல்லவே இல்லை. அதற்குமேல் காப்புத் துணி வந்தது, சுவர் வந்தது, இருக்கை வந்தது.

154 பறப்புகள்

விமானம் அக்டோபர் 31 அன்று ஒப்படைக்கப்பட்டு, நவம்பர் 11 அன்று சேவைக்கு வந்தது. அந்த ஜனவரி மாலைவரை 154 முறை பறந்திருந்தது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் அடைப்பு தடுப்புகளை நம்பி நின்றது. பூட்டு இல்லாததால் சிறிது சிறிதாக மேல்நோக்கி நகர்ந்துகொண்டும் இருந்தது.

டிசம்பர் 7, ஜனவரி 3, ஜனவரி 4 ஆகிய நாட்களில் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. இதனால் இந்த விமானத்தை ஹவாய் போன்ற நீண்ட கடற்பாதைகளில் அனுப்புவதில்லை என்று விமான நிறுவனம் முடிவு செய்திருந்தது. பலரும் இதையே முன்னறிகுறி என்று பேசினார்கள். விசாரணையில் அந்த விளக்குகளுக்கும் அடைப்புக்கும் தொடர்பு காணப்படவில்லை. கையில் கிடைத்த முதல் அறிகுறியைக் காரணமாக்கிவிடும் ஆசை எல்லா விபத்துகளிலும் வரும். இங்கே அது திசைதிருப்பியிருக்கும்.

2024 ஜனவரி 5

மாலை 5 மணி கடந்த சில நிமிடங்களில் விமானம் போர்ட்லாந்தில் இருந்து எழுந்தது. சுமார் 14,800 அடியைக் கடந்து ஏறிக்கொண்டிருந்தபோது பெருஞ்சத்தத்துடன் அடைப்பு பறந்தது. இருக்கை வார் விளக்கு இன்னும் அணைக்கப்படவில்லை, எல்லோரும் வாரிட்டு அமர்ந்திருந்தார்கள். 178 இருக்கைகளில் 7 காலி. அடைப்பை ஒட்டிய 26ஆம் வரிசையின் சன்னலோர இருக்கையும் நடு இருக்கையும் அந்த ஏழில் இரண்டு. அதற்கு முந்தைய வரிசையில் இருந்த பதின்வயதுச் சிறுவனின் சட்டையைக் காற்று உருவிக்கொண்டு போனது.

இன்னும் அரை மணி நேரம் கழித்து, முப்பதாயிரம் அடிக்கு மேல், மக்கள் எழுந்து நடமாடும் நேரத்தில் இது நடந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

விமானியறையின் கதவு தானாகத் திறந்துகொண்டது. திடீர் அழுத்த இழப்பின்போது அது அப்படித்தான் திறக்க வேண்டும், வடிவமைப்பே அது. ஆனால் இதைப் பணியாளர்களுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. விமானிகளின் தலைப் பேசிகள் காற்றில் கழன்றன. இரைச்சலில் விமானிகளுக்கும் பயணிகள் பகுதிப் பணியாளர்களுக்கும் இடையே பேச்சு அறுந்தது. ஓட்டையைப் பார்த்த பணிப்பெண்கள், பயணிகள் சிலர் வெளியே போய்விட்டதாகவே நினைத்தார்கள்.

அந்த நிலையில் விமானிகள் எடுத்த முடிவுகள் தெளிவானவை. பிராணவாயு முகமூடி அணிவது, பத்தாயிரம் அடிக்கு இறங்குவது, அவசரநிலை அறிவிப்பது, புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. எழுந்து சுமார் 20 நிமிடங்களில் விமானம் போர்ட்லாந்தில் இறங்கியது. ஏழு பயணிகளுக்கும் ஒரு பணியாளருக்கும் சிறு காயங்கள். மடியில் வைத்துக் கொண்டுவரப்பட்ட இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூன்று பேர் அந்த விமானத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு வார் இல்லை, பிடித்திருந்த கைகள் மட்டுமே இருந்தன. இதைப் படித்த நாளில் இருந்து என்னால் கடந்துபோக முடியவில்லை.

உடனடி முடிவுகள்

விமான நிறுவனம் அன்றிரவே தன் 65 மாக்ஸ்-9 விமானங்களையும் தரையில் நிறுத்தியது. ஒழுங்குமுறை அமைப்பு உத்தரவிடும்வரை காத்திருக்கவில்லை. காரணம் தெரியாத நிலையில் சரியான முடிவு அதுவே. மறுநாள் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இத்தகைய அடைப்பு கொண்ட 171 விமானங்களை நிறுத்த ஆணையிட்டது. சோதனையில் வேறு விமானங்களிலும் தளர்ந்த போல்ட்டுகள் கிடைத்தன. இது ஒரு விமானத்தின் துரதிர்ஷ்டம் மட்டுமல்ல என்பது அப்போது தெரிந்தது. ஜனவரி 24 அன்று சோதனை முறை ஒப்புதல் பெற்றது. 26ஆம் தேதி முதல் விமானங்கள் திரும்பின.

பிய்ந்த அடைப்பைப் போர்ட்லாந்தின் புறநகரில் ஓர் ஆசிரியர் தன் வீட்டின் பின்கட்டில் கண்டெடுத்தார். அதில் இருந்த அடையாளங்களே முக்கியச் சான்றுகள். போல்ட்டுகள் முறிந்திருந்தால் துளைகளைச் சுற்றி வேறு விதமான சேதம் இருக்கும். அது இல்லை. பிப்ரவரி 6 முதற்கட்ட அறிக்கை போல்ட்டுகள் பூட்டப்படவே இல்லை என்று சொன்னது.

விசாரணை

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 17 மாதங்களுக்கு மேல் விசாரித்தது. இரண்டு இடங்களில் அதற்குச் சுவர் எழுந்தது. விமானியறைக் குரல் பதிவுக் கருவி இரண்டு மணி நேரத்தையே வைத்திருக்கும். தரையிறங்கிய பின் மின்சாரம் நிறுத்தப்படாததால் நிகழ்வின் குரல்கள் அழிந்தன. ரெண்டன் ஆலையின் கண்காணிப்புக் காட்சிகளும் அதற்குள் மேலெழுதப்பட்டுவிட்டன. பதிவும் இல்லை, படமும் இல்லை. அடைப்பைத் திறந்தது யார் என்பது கடைசிவரை உறுதியாகவில்லை.

2024 ஜூனில் போயிங் செய்தியாளர்களிடம் விசாரணை விவரங்களைப் பகிர்ந்தது. வாரியம் கடுமையாகக் கண்டித்து, விசாரணைத் தகவல்களைப் பார்க்கும் உரிமையைப் பறித்தது. குற்றம் செய்த கையைத் தேடுவதல்ல, காரணத்தைத் தேடுவதே தன் வேலை என்றது வாரியம். இதை முழுமையாக ஏற்கிறேன். பெயர் கிடைத்திருந்தால் ஒருவரை வேலையைவிட்டு நீக்கி விவகாரம் முடிந்திருக்கும்.

2025 ஜூன் 24 அன்று வந்த முடிவு, காரணத்தைத் தொழிலாளரிடம் வைக்கவில்லை. கழற்றல் நடைமுறையை ஊழியர்கள் ஒவ்வொரு முறையும் சரியாகப் பின்பற்றும்படி போதிய பயிற்சி, வழிகாட்டல், மேற்பார்வை ஆகியவற்றைப் போயிங் தரவில்லை என்பதே காரணம் என்றது. அந்த நடைமுறை ஆவணம் குழப்பமானது, பின்பற்றக் கடினமானது. அதில் குறை இருப்பது குறைந்தது பத்து ஆண்டுகளாக நிறுவனத்துக்குத் தெரியும். ஒழுங்குமுறை அமைப்பின் கண்காணிப்பும் தணிக்கையும் மீண்டும் மீண்டும் வந்த இந்தக் குறையைப் பிடிக்கவில்லை என்பதும் சேர்க்கப்பட்டது.

பின்விளைவுகள்

மாதத்துக்கு 38 என்ற அளவைத் தாண்டி 737 செய்யக் கூடாது என்று விமானப் போக்குவரத்து நிர்வாகம் வரம்பிட்டது. விமானங்கள் நின்றதற்காக அலாஸ்காவுக்குப் போயிங் முதலில் 16 கோடி டாலர் கொடுத்தது. 2024 மார்ச்சில் தலைமைச் செயல் அதிகாரி விலகுவதாக அறிவித்தார். மே மாதம், 2021 உடன்படிக்கையை நிறுவனம் மீறிவிட்டதாக நீதித்துறை முடிவு செய்தது. 2025 செப்டம்பரில் 31 லட்சம் டாலர் அபராதம் முன்மொழியப்பட்டது. இந்த அளவுள்ள நிறுவனத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. உற்பத்தி வரம்புதான் வலித்தது. 2025 அக்டோபரில் அது 42ஆக உயர்த்தப்பட்டது. 2005இல் விற்ற விச்சிட்டா ஆலையைப் போயிங் 2025 டிசம்பரில் ஸ்பிரிட்டோடு சேர்த்துத் திரும்ப வாங்கி முடித்தது.

மாறியவையும் மாற வேண்டியவையும்

குரல் பதிவு 25 மணி நேரம் இருக்க வேண்டும் என்று 2024 மே மாதச் சட்டம் சொல்கிறது. வாரியம் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது இது. விமானியறைக் கதவு திறந்துகொள்ளும் என்ற தகவல் கையேடுகளில் ஏறிவிட்டது. மடிக் குழந்தைகளுக்குத் தனி இருக்கையும் வாரும் வேண்டும் என்று வாரியம் மீண்டும் வலியுறுத்தியது. கட்டாயச் சட்டமாக அது இன்னும் வரவில்லை. வர வேண்டும்.

அடைப்புக்குக் கூடுதல் பிடிமானம் ஒன்றைப் போயிங் வடிவமைத்தது. பூட்டாமல் விட்டால் பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பது நோக்கம். ஒப்புதல் கிடைத்ததும் பழைய விமானங்களிலும் பொருத்த வேண்டும் என்பது வாரியத்தின் பரிந்துரை. மாற்றங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். படிவம் மறந்துபோகலாம், அனுபவசாலி விடுப்பில் இருக்கலாம், ஷிப்ட் மாறலாம். அத்தனைக்குப் பிறகும் பொருளே தன் நிலையைக் காட்டிக்கொடுக்கும்.

தள்ளிப்போன வேலையோடு விமானத்தை நகர்த்துவதைக் குறைப்பதாக நிறுவனம் உறுதியளித்தது. எந்தக் குறையோடு விமானம் நகரக் கூடாது என்பதை அந்த நிலையில் நிற்கும் தொழிலாளரே சொல்லி நிறுத்த முடிகிறதா என்பதை வைத்துத்தான் அந்த உறுதியை அளப்பேன். அதேபோல, கழற்றல் பதிவு எப்போது தேவை என்பதை நடைமுறை ஆவணம் ஒரே வரியில் சொல்ல வேண்டும்: பூட்டிய ஒன்றில் கை வைத்தால் பதிவு. திறப்பதா, கழற்றுவதா என்று இரவு ஷிப்ட்டில் நிற்கும் ஒருவர் சொல்லாராய்ச்சி செய்யும்படி விடக் கூடாது.

2024 ஆகஸ்டில் நடந்த பொது விசாரணையில் நிறுவனத்தின் அதிகாரி ஒரு மாற்றத்தைச் சொன்னார். இப்போது உடற்பகுதி ரெண்டனுக்கு வந்ததும் அடைப்பின்மேல் நீலமும் மஞ்சளுமாக ஓர் அட்டையை மாட்டுகிறார்கள். அதில் பெரிய எழுத்துகளில் இருப்பது: ‘திறக்காதீர்கள்’.